ரேம் கூட்டிய பிறகு ப்ளூ ஸ்கிரீன்: விண்டோஸை மாற்றும் முன், ரேமைத் திருப்பிக் கொடுக்கும் முன்

கேள்வி சுருக்கமாக இது. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் என்று சில வருடங்களாக ஒழுங்காக ஓடிய கணினி. வீடியோ எடிட்டிங்குக்காக அதே கம்பெனியின் அதே 3200 வேக 8 ஜிபி ரேம் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டு 32 ஜிபி ஆக்கியிருக்கிறார். விண்டோஸ் 32 ஜிபியைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் அன்றிலிருந்து ஒரு நாள் ப்ளூ ஸ்கிரீன், ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் ரீஸ்டார்ட், இன்னொரு நாள் ரெண்டர் பாதியில் மென்பொருள் தானாக மூடிக்கொள்கிறது. சர்வீஸ் கடையில் விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். அதைச் செய்யலாமா, இல்லை ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அதிலும் விண்டோஸைப் புதிதாகப் போடுவது கண்டிப்பாக வேண்டாம். ரேமில் பிழை இருந்தால், நிறுவும்போது டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு ஃபைலும் அந்த ரேமுக்குள் புகுந்துதான் போகும். புதிய விண்டோஸும் பழுதோடுதான் வந்து உட்காரும். ரேமைத் திருப்பிக் கொடுக்கவும் அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், நான்கு ரேம் ஸ்டிக்குமே நல்லவையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. நான்கும் சேர்ந்து 3200 வேகத்தில் ஓட வேண்டும் என்று கேட்பதுதான் அந்த பிராசஸருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

காரணத்துக்குப் போகும் முன் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கணினியில் முக்கியமான வேலையை நிறுத்துங்கள். தானியங்கி பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள். ரேம் பிழையில் கண்ணுக்குத் தெரிவது ப்ளூ ஸ்கிரீன், ரீஸ்டார்ட் போன்றவை மட்டும்தான். தெரியாமல் நடப்பது அதைவிட மோசம்: சேமிக்கும் ஃபைலில் ஒரு பிட் மாறிப் போகும், அப்போது எந்த எச்சரிக்கையும் வராது. பிறகு ஒரு நாள் அந்த ப்ராஜெக்ட் திறக்காது. பழுதான ஃபைல் பழைய நல்ல பேக்கப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் மீட்க வழியே இருக்காது. அவசரமாக வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் புதிய இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பழைய 16 ஜிபியிலேயே செய்யுங்கள்.

சரி, காரணத்துக்கு வருவோம். ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் ஒரு காலத்தில் மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 வந்தபோதும், இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7 வந்தபோதும் அதை பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஆகவே ரேம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது ரேமை மட்டும் பொறுத்ததல்ல, பிராசஸரையும் பொறுத்தது. உங்கள் ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் அளவு இது: நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் மட்டும் இருந்தால் 3200. நான்கும் நிறைந்து, ஸ்டிக் ஒவ்வொன்றும் ஒற்றை ரேங்க் என்றால் 2933. நான்கும் இரட்டை ரேங்க் என்றால் 2667.

கன்ட்ரோலர் ஒரே நேரத்தில் கையாள வேண்டிய சிப்களின் தொகுதிக்குப் பெயர்தான் ரேங்க். 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை ரேங்க். உங்கள் போர்டில் இரண்டு சேனல்கள், அதாவது கன்ட்ரோலரிலிருந்து ரேமுக்குப் போகும் இரண்டு தனிப் பாதைகள், சேனலுக்கு இரண்டு ஸ்லாட். முன்பு ஒரு சேனலின் கம்பிகளில் ஒரு ஸ்டிக் இருந்தது. இப்போது அதே கம்பிகளில் இரண்டு தொங்குகின்றன. கன்ட்ரோலர் தள்ள வேண்டிய மின்சுமை கூடுகிறது, சிக்னல் அங்கங்கே மோதித் திரும்பி வருகிறது, தெளிவு குறைகிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் சிக்னல் தெளிய நேரம் கிடைக்கும். 2933 என்ற எண் அப்படி வந்ததுதான்.

பெட்டியில் 3200 என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்பீர்கள். அது எக்ஸ்எம்பி என்ற ப்ரொஃபைலின் வேகம், அதாவது ரேமிலேயே பதிந்து வரும், அடிப்படையைவிட வேகமான ஓர் அமைப்பு. சில போர்டுகளில் இதையே டிஓசிபி என்று காட்டும். டிடிஆர்4-இன் அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட். 3200 எக்ஸ்எம்பி ஸ்டிக்குகளில் பல 1.35 வோல்ட் கேட்கும். ரேம் கம்பெனி தரும் உறுதி ஒரு பெட்டியில் சேர்ந்து வரும் ஸ்டிக்குகளுக்குத்தான், ஏனென்றால் அவற்றைச் சேர்த்து வைத்துச் சோதித்திருப்பார்கள். நீங்கள் சில வருட இடைவெளியில் வாங்கிய இரண்டு பெட்டிகளையும் யாரும் ஒன்றாக வைத்துச் சோதித்ததில்லை. பெயரும் மாடலும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஒரு தடவை சாம்சங், அடுத்த தடவை மைக்ரான் அல்லது ஹைனிக்ஸ் என்று மாறுவது இந்தத் துறையில் சகஜம். சிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து ஸ்லாட் ஸ்லாட்டாகப் பார்த்தால் யார் சிப் என்பது தெரியும்.

ஆகவே முதல் சோதனைக்கு கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம். பயாஸுக்கு, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரைக்குப் போய் எக்ஸ்எம்பியை அணைத்துவிடுங்கள். ரேம் 2133, 2400, 2666 என்று ஏதாவது ஓர் அடிப்படை வேகத்துக்கு இறங்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் குறைந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு இழந்தால் பரவாயில்லை என்கிற ஒரு பழைய ப்ராஜெக்ட்டை எடுத்து, வழக்கமாக விழும் அதே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள். கணினி விழவே இல்லை என்றால் நோய் முக்கால்வாசி பிடிபட்டுவிட்டது, ஸ்டிக் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் 2933-க்கு ஏற்ற வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். எக்ஸ்எம்பியை அணைத்த நிலையில் வேகத்தை மட்டும் கையால் 2933 ஆக்கினால், மின்னழுத்தம் 1.2 வோல்ட்டிலேயே நின்றுவிடலாம், ரேம் தடுமாறும். எக்ஸ்எம்பியை மறுபடி போட்டு, அதற்குப் பிறகு வேகத்தை மட்டும் 3200-இலிருந்து 2933-க்கு இறக்குங்கள். 1.35 வோல்ட்டும் டைமிங் எண்களும் (ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தின் அளவுகள்) ப்ரொஃபைலில் இருந்தபடியே இருக்கும். அந்த டைமிங்கையும் ஒரு தடவை பாருங்கள். பழைய ஸ்டிக்கின் லேபிளில் சிஎல்16 என்றும் புதியதில் சிஎல்18 என்றும் இருந்தால், போர்டு பழையதன் ப்ரொஃபைலை எடுத்து நான்கின் மேலும் திணித்திருக்கக்கூடும். அப்போது தளர்வான எண்களை, அதாவது சிஎல்18 ஸ்டிக்கின் எண்களை நான்குக்கும் கையால் போட வேண்டும்.

2933-இல் நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மின்னழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி 3200-ஐப் பிடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு, சில போர்டுகளில் பிடிக்கவும் முடியும். வேலைக்குப் பயன்படும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன். வீடியோ வேலையில் ரேம் போதாமல் எஸ்எஸ்டியில் ரேமுக்கு மாற்றாக விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ் ஃபைலுக்குப் போவதால் வரும் மந்தம் பெரியது. 3200-க்கும் 2933-க்கும் உள்ள வித்தியாசம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. நீங்கள் காசு கொடுத்தது 32 ஜிபிக்கு, அது முழுதாகக் கிடைக்கிறது.

அடிப்படை வேகத்திலும் விழுகிறது என்றால்தான் கேபினெட்டைத் திறக்க வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைக்கும், ஷிஃப்டோடு கொடுத்தால் முழுதாக அணையும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

நான்கையும் கழற்றி, ஒரே ஒரு புதிய ஸ்டிக்கைப் போடுங்கள். எந்த ஸ்லாட் என்பது முக்கியம். பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, இரண்டு போடுவதென்றால் இரண்டாவதும் நான்காவதும். மேனுவலில் படமே இருக்கும், அதன்படி போடுங்கள். ஸ்டிக்கின் இரு முனைகளிலும் சமமாக அழுத்தி, டக் என்று சத்தம் வரும் வரை இறக்க வேண்டும். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும், கொக்கி இல்லாத பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. 288 தொடுமுனைகளில் ஒன்று சரியாகப் படாவிட்டாலும் தொந்தரவுதான்.

நம் ஊர் கடைகளில் ரேமைக் கையில் எடுத்ததும் அழி ரப்பரால் தங்கப் பூச்சைத் தேய்ப்பார்கள். பல சமயம் கணினி ஓடவும் செய்யும், ஆனால் ரப்பர் அந்த மெல்லிய பூச்சைச் சுரண்டும், தூளும் ஸ்லாட்டுக்குள் போகும். எனக்கு அது பிடிப்பதில்லை. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை பிரியாத துணியால் துடைத்து உலரவிட்டால் போதும்.

சோதிக்க விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் ஒரு தொடக்கம். அது பிழை காட்டினால் நம்பலாம், காட்டவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனை மென்பொருள்களில் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை பூட் செய்து இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிழை எண்ணிக்கை சுழியம்தான் தேர்ச்சி. ஒரே ஒரு பிழைதானே என்று விட்டுவிடக் கூடாது.

ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒரே ஸ்லாட்டில், எக்ஸ்எம்பி இல்லாமல் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும். ஸ்டிக்கையும் மாற்றி, ஸ்லாட்டையும் மாற்றி, வேகத்தையும் மாற்றினால் சரியானது எதனால் என்று கடைசி வரை தெரியாது. ஒரு குறிப்பிட்ட ஸ்டிக் மட்டும் தனியாக, அடிப்படை வேகத்தில், பிழை காட்டுகிறது என்றால் அது பழுது, திருப்பிக் கொடுக்க வேண்டியது அதைத்தான். பழைய ஸ்டிக்கே பழுதாக இருக்கவும் இடமுண்டு. 16 ஜிபி இருந்த காலத்தில் பழுதான அந்த மூலை எப்போதாவதுதான் பயன்பட்டிருக்கும். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் பிழை என்றால் ஸ்லாட்டில் தூசி, மதர்போர்டு, அல்லது பிராசஸர் பின்கள். நான்கும் தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் பிழை என்றால் மேலே சொன்ன வேகக் கதைதான்.

மெம்டெஸ்டில் தேறியும் விண்டோஸில் விழுகிற கணினிகள் உண்டு. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினெட் குளிர்ச்சியாக இருக்கும். ரெண்டர் ஓடும்போது அந்தச் சூடெல்லாம் ரேம் மேல்தான் வீசும். அதனால் விண்டோஸுக்குள் பிராசஸரையும் ரேமையும் சேர்த்து வருத்தும் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை பிளெண்ட் முறையில் சில மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்.

ப்ளூ ஸ்கிரீனில் வரும் பெயர்களையும் வீணாக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பெயர், ஒரே டிரைவர் ஃபைல் வந்தால் அந்த டிரைவர்தான் முதல் சந்தேகம். இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, அப்புறம் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்று தினம் ஒரு பெயரும் தினம் ஒரு டிரைவரும் வந்தால் ரேம் பக்கம் கையைக் காட்டுகிறது என்று அர்த்தம். நீங்கள் விவரித்தது இந்த வகைதான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். முறையாக அணைக்காமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. இரண்டு ஸ்டிக் கூடுதலாக எடுக்கும் மின்சாரம் சில வாட்தான்.

இப்படி இடம் மாறி மாறி வரும் பிழை பெரிய ஆட்களையே குழப்பும். 2022 அக்டோபரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கணினியில் ஒரு ரேம் கெட்டுப்போய், மென்பொருள்கள் கண்டபடி விழ ஆரம்பித்தன. லினக்ஸ் கெர்னலில் புதிதாக வந்த பிழை என்று எண்ணி அவர் முதலில் அங்கேதான் தேடினார். பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி வகை ரேம் அந்தக் கணினியில் இல்லை. நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

ரேமைச் சந்தேகித்துக்கொண்டே இருக்கும்போது இன்னொன்றை மறந்துவிடுகிறோம். ரேம் போடக் கை உள்ளே போனபோது வேறு எதையாவது தட்டியிருக்கலாம். சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து லேசாகத் தூக்கியிருக்கலாம், பிராசஸருக்குப் போகும் பவர் கனெக்டர் நகர்ந்திருக்கலாம். புதிய ரேமைக் கழற்றிய பிறகும் கணினி விழுந்துகொண்டே இருந்தால் முதலில் இவற்றை அழுத்திப் பாருங்கள்.

பயாஸ் அப்டேட் உதவும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆரம்பகால ரைசன் போர்டுகளில் ரேம் ஒத்துப்போவது அப்டேட்களால் நிறையவே மேம்பட்டது. ஆனால் நான்கு ஸ்டிக்கும் தடுமாறும் இப்போதைய நிலையில் அதைச் செய்யவே கூடாது. பயாஸ் எழுதப்படும் பாதியில் கணினி விழுந்தால் போர்டே எழாமல் போகலாம். தனியாகத் தேறிய ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து, அடிப்படை வேகத்தில், கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்லாட் மேல் சந்தேகம் வந்து பிராசஸரைக் கழற்ற நேர்ந்தால் கவனம். ஏஎம்4 வகை சாக்கெட்டில் பொருந்தும் உங்கள் பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் கூலரோடு ஒட்டிக்கொள்வதால், கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கூலரை மெல்ல இடமும் வலமும் திருகித் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும்.

டிடிஆர்5 கணினி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன், அங்கே இந்த வித்தியாசம் இன்னும் கடுமை. ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600 என்பது ஏஎம்டியின் கணக்கு. ரேம் மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், ரேமுக்கு ஏற்றபடி போர்டு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பயந்து பவரை அணைத்துவிடாதீர்கள். லேப்டாப்காரர்களுக்கு வேகம் மாற்றும் வசதி பயாஸில் பெரும்பாலும் இருக்காது, அவர்களால் முடிந்தது ஸ்டிக்கைச் சாய்வாக முழுதும் நுழைத்துப் பிறகு அழுத்தி, இரு பக்கக் கொக்கியும் பிடித்ததா என்று பார்ப்பதும் தனித்தனியே சோதிப்பதும்தான்.

எல்லாம் நின்ற பிறகு, அதற்கு முன்னால் அல்ல, விண்டோஸைச் சரிபாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து முதலில் டிஸம் ரீஸ்டோர் ஹெல்த் கட்டளை, பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருந்தால் இவை பெரும்பாலும் மாற்றிவிடும். உங்கள் சொந்த ஃபைல்களை இவை தொடாது. ரேம் கூட்டிய நாளிலிருந்து சேமித்த ப்ராஜெக்ட்டுகளையும் ரெண்டர் செய்த வீடியோக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்த பிறகே பேக்கப்பை மறுபடி இயக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் விண்டோஸ் முரண்டு பிடித்தால், அப்போது புதிதாகப் போடலாம்.

ஸ்டிக்தான் பழுது என்று தெரிந்தால் மெம்டெஸ்ட் பிழை காட்டும் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், கடையில் வாக்குவாதம் மிச்சமாகும். ஸ்டிக்கின் மேல் இருக்கும் லேபிளையும் உலோகத் தகட்டையும் பிரிக்காதீர்கள், வாரன்டி அதோடு போய்விடக்கூடும். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றித் தரக் கேளுங்கள்.

நான்கும் நல்லவை, ஆனாலும் 3200 வேண்டும் என்றால் நேர்மையான வழி ஒன்றுதான் இருக்கிறது. நான்கு 8 ஜிபியையும் விற்றுவிட்டு, ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிபி வாங்குங்கள். இரண்டு ஸ்டிக் என்றால் ஒற்றை ரேங்கானாலும் இரட்டை ரேங்கானாலும் உங்கள் பிராசஸருக்கு 3200 அதிகாரபூர்வ வேகமே. வாங்கும் முன் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் போர்டுக்கான ரேம் பட்டியலைத் திறந்து, அந்த மாடல் எண் இருக்கிறதா, அதற்கு நேரே எத்தனை ஸ்டிக் வரை சோதித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.